எந்தப் பக்கம் விலகுவது?

எமது வீட்டிலிருந்து பெருந்தெருவுக்குச் செல்லும் ஒழுங்கை மிக ஒடுக்கமானது. இரண்டு சைக்கிள்கள் ஒன்றையொன்று தாண்டிச் செல்லலாம். ஒரு சைக்கிளும் ஒரு மோட்டார்ச் சைக்கிளும் தாண்டுவதாயின் இருவரும் சற்றுப் பொறுமை காட்டல் வேண்டும். முன்னாளில் இருமருங்கும் கிளுவையும் பூவரசும் வேலியாக நின்றன. வருபவர் யாரென்று தெரியாவிட்டாலும், யாரோ வருகிறார் என்பதை இலைகளுக்கிடையே தெரியும் அசைவு சொல்லிவிடும். இப்பொழுது வேலிகள் போய் ஆளுயர மதில்கள் எழுந்துவிட்டன. வைரவர் கோயில் முடக்கிலே திரும்பும் வரையில் அப்பால் இருப்பது எதுவும் கண்ணுக்குப் புலனாவதில்லை.

சென்ற ஆவணியில் ஒரு மாலைப் பொழுது. பத்து வயது நிரம்பிய எமது மகனைச் சைக்கிளின் பின்னால் இருத்திக்கொண்டு அந்த முடக்கிலே திரும்பினோம். அங்கே மூலை வீட்டு முதியவர் வழக்கம்போலப் படலையடியில் நின்றார். அவர் நிற்கும் இடத்திலிருந்து ஒழுங்கையின் இருபுறமும் தெரியும். எம்மைக் கண்டதும் கையை வீசி, “மாஸ்ரர், வலப்பக்கம்! வலப்பக்கம் எடுங்கோ!” என்று கூவினார். எதிரே ஒரு மோட்டார்ச் சைக்கிள், எமக்குரிய இடப்பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அதே கணத்தில், பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மகன், “இல்லை அப்பா, இடப்பக்கமே போங்கோ! அவர் திரும்புறார்!” என்று கத்தினான்.

ஒருபுறம் வயதில் மூத்தவர். இரு வழியையும் பார்த்து நிற்பவர். மறுபுறம் பத்து வயதுச் சிறுவன். நாம் யாருடைய சொல்லைக் கேட்டிருப்போம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள். வலப்பக்கமாக ஒடித்தோம். மோட்டார்ச் சைக்கிளில் வந்தவரோ, தாம் பிழையான பக்கத்தில் வருவதை உணர்ந்து, தமக்குரிய இடப்பக்கத்துக்கு ஒடித்தார். அவருடைய இடப்பக்கமே எமது வலப்பக்கம். மூவரும் மதிலடியில் ஒன்றாக விழுந்தோம். எமக்கு முழங்காலிலே சிராய்ப்பு, அவருக்கு அதுவுமில்லை. மகனுக்கு மணிக்கட்டெலும்பு வெடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலே டொக்டர் கேட்டபோது, “எதிரே வந்தவர் பிழையான பக்கத்தில் வந்தார்” என்றோம். வீட்டில் மனைவி கேட்டபோதும் அதையே சொன்னோம். அது பொய்யன்று. மகன் எமது முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை அந்த மோட்டார்ச் சைக்கிள்காரர் தோடம்பழமும் ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் கொண்டு வீட்டுக்கு வந்தார். முதல்நாட் பதற்றத்தில் நாம் அவரைச் சரியாக அடையாளங் கண்டிருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் தமிழும் சரித்திரமும் படித்த மாணவர். கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர். அந்த அரைப் பக்கத்தில் பிழை கண்டுபிடிப்பது மட்டும் கடினம். இப்பொழுது வளைகுடா நாடொன்றில் துணை விமானியாக இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்காக விடுமுறையில் வந்தவர். அந்நாட்டிலே வாகனங்கள் தெருவின் வலப்பக்கமாகவே செல்லும். பல ஆண்டுப் பழக்கம் அவரை அறியாமலே அவரை அந்தப் பக்கம் இழுத்துச் சென்றிருக்கிறது.

அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மகன் இடைமறித்தான். “அண்ணா, மேலே பறக்கும்போதும் இப்படி ஒருவர் எதிரே வந்தால் என்ன செய்வீங்கள்?”

விமானி சிரித்தார். மகனின் நிறப் பேனாக்களைக் கொண்டுவரச் சொன்னார். காகிதம் தேடிப் போக எழுந்தோம். அதற்குள் மகன் தன் புதிய பிளாஸ்டர் கட்டை நீட்டிவிட்டான். வெள்ளை வெளேரென்று இருந்த அந்தக் கட்டின்மேலே எமக்கு ஆகாயப் பாடம் நடந்தது.

முதலில் கட்டின் நடுவே ஒரு சிறு விமானம் வரைந்தார். அது நமது விமானம். அதைச் சுற்றிப் புள்ளிகளால் ஒரு வட்டம். விமானி அறையிலுள்ள போக்குவரத்துத் திரையில் நாம் எப்பொழுதும் நடுவிலேயே இருப்போமாம். உலகமே நம்மைச் சுற்றி நகரும். அடுத்து, உள்ளே வெறுமையான ஒரு வைரவடிவம். அது தூரத்தில் செல்லும் வேறொரு விமானம், கவலை வேண்டாம். உள்ளே நிறந்தீட்டிய வைரவடிவம் என்றால், அது கிட்ட வந்திருக்கிறது. மஞ்சள் வட்டம் என்றால், எச்சரிக்கை. சிவப்புச் சதுரம் என்றால், இனி யோசிப்பதற்கு நேரமில்லை. ஒவ்வொரு குறியின் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். கூட்டற் குறியோடு 10 என்றிருந்தால், அவ்விமானம் நமக்கு 1,000 அடி மேலே. கழித்தற் குறியென்றால் கீழே. அருகில் ஓர் அம்புக்குறி தோன்றினால், அது ஏறுகிறது அல்லது இறங்குகிறது.

இந்தக் கருவிக்கு ரீகாஸ் என்று பெயர். அது விமானி கண்ணால் பார்ப்பதைப் போன்று பார்ப்பதன்று, கேட்டறிவது. பெரிய விமானம் ஒவ்வொன்றிலும் வானொலி அலையால் கேட்ட கேள்விக்குத் தானாகவே மறுமொழி சொல்லும் ஒரு பெட்டி உண்டு. நமது கருவி ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை, “யார் அங்கே?” என்று கேட்கும். மற்றைய விமானத்தின் பெட்டி தனது உயரத்தைச் சொல்லும். மறுமொழி வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை விமானத்தின் முதுகிலுள்ள அன்ரெனா உணரும். தரையிலுள்ள எந்த நிலையத்தின் தயவும் இதற்கு வேண்டியதில்லை.

எமக்கு இங்கே ஒன்று புதுமையாகப்பட்டது. எத்தனை மைல் தூரத்தில் ஆபத்து என்று இக்கருவி எண்ணுவதில்லை. எத்தனை விநாடியில் ஆபத்து என்றே எண்ணுகிறது. 1950களில் அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மோரல் என்னும் அறிஞர் வகுத்த முறை இது. கணக்கு எளிது. இடையிலுள்ள தூரத்தை, இரு விமானங்களும் ஒன்றையொன்று நெருங்கும் வேகத்தாற் பிரித்தால் நேரம் வரும். மணிக்கு 830 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்கள் விநாடிக்கு 460 மீற்றர் நெருங்குகின்றன. அவற்றிடையே 16 கிலோமீற்றர் இருந்தாலும் 35 விநாடிகளே எஞ்சும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் இரு விமானங்களிடையே இரண்டு கிலோமீற்றரே இருப்பினும், பின்னது விநாடிக்குப் பத்து மீற்றர் வீதமே நெருங்குமாயின் 200 விநாடிகள் உண்டு. உயரத்துக்கேற்ப, 20 முதல் 48 விநாடிகள் இருக்கும்போது மஞ்சள் வட்டம் தோன்றும். 15 முதல் 35 விநாடிகள் இருக்கும்போது அது சிவப்புச் சதுரமாகும். அப்பொழுது ஒரு குரல், “ஏறு, ஏறு” என்றோ, “இறங்கு, இறங்கு” என்றோ ஆங்கிலத்திற் கட்டளையிடும். விமானி ஐந்து விநாடிக்குள் செயற்படுவார் என்று நம்பியே கருவியின் கணக்குகள் யாவும் செய்யப்பட்டிருக்கின்றன.

“இத்தனையும் திரையிலே தெரியும்போது, கட்டளைக்குக் காத்திருப்பானேன்? வலப்பக்கம் வருகிறான் என்றால் நீர் இடப்பக்கம் திருப்பிவிடலாமே?” என்று கேட்டோம்.

“அதைத்தான் செய்யக் கூடாது, சேர்,” என்றார் விமானி. “திரையைப் பார்த்து விமானத்தைத் திருப்பாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த முதலாவது பாடம்.”

காரணத்தை அவர் ஆறுதலாக விளக்கினார். தூரத்தையும் உயரத்தையும் கருவி நன்கறியும். திசையை அறிவதில் மட்டும் அது சற்று மந்தம். பல பாகைகள் பிழைக்கக்கூடும். திரையிலே சற்று வலப்புறமாகத் தெரிவது உண்மையில் நேர் முன்னே இருக்கலாம், இடப்புறமாகக்கூட இருக்கலாம். அன்றியும், நாம் நடுவில் நிற்பதாகக் காட்டும் படத்திலே மற்றவனின் ஓட்டமும் நமது ஓட்டமும் ஒன்றாகக் கலந்தே தெரியும். நாம் திரும்பினால் அவன் திரும்பியதுபோல் இருக்கும். ஆதலால் ரீகாஸ் ஒருபோதும் “வலம் திரும்பு, இடம் திரும்பு” என்று சொல்வதில்லை. மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். திரை இருப்பது வெளியே எந்தத் திக்கிலே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கு வழிகாட்டுவதற்கு.

கண்ணுக்கு ஏன் வழிகாட்டி வேண்டும்? இங்கே அவர் சொன்ன ஒரு செய்தியை நாம் இன்னும் மறக்கவில்லை. கப்பலோட்டிகள் நெடுங்காலமாக அறிந்தது இது. எதிரே வரும் பொருள் கண்ணாடியில் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தால் அது நம்மைத் தாண்டிப் போய்விடும். அசையாமல் ஒரே இடத்தில் நின்று மெல்லப் பெரிதாகிக்கொண்டு வருமாயின் அதுவே நம்மை மோதப்போவது. மனிதக் கண்ணோ அசைவதையே முதலிற் காணும் இயல்புடையது. கொல்ல வருவது ஒரு புள்ளிபோல அசையாது நிற்கும். கடைசிச் சில விநாடிகளில் திடீரெனப் பூதாகாரமாய் வளரும்.

ஆகாயப் பிரயாணத்தின் முதல் ஐம்பது ஆண்டுகளும், பார்த்து விலகுவதென்ற ஒரே விதியை நம்பியே கழிந்தன எனலாம். 1956ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆந் திகதி காலை, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து சில நிமிட இடைவெளியில் இரண்டு பெரிய பிரயாணிகள் விமானங்கள் புறப்பட்டன. ஒன்று கொன்ஸ்ரலேஷன் வகை. மற்றையது டீசீ-7 வகை. தரையிலுள்ள எவரும் அவற்றை வழிநடத்தாத வெளியிலே, கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேல் 21,000 அடி உயரத்தில் இரண்டும் மோதின. 128 பேரும் மாண்டனர். அவ்வளவு விரிந்த ஆகாயத்தில் இரண்டு விமானங்களுக்கு இடம் போதவில்லை! அமெரிக்கா தனது ஆகாயப் போக்குவரத்து நிருவாகத்தை 1958இல் புதிதாக அமைத்ததற்கு அந்த விபத்து பெருங் காரணமாயிற்று.

ஒரு விமானத்தைப் பற்றி எச்சரித்துவிட்டாற் போதும் என்பதும் உண்மையன்று. 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி சான் டியேகோ நகரின் மேல், இறங்கிக்கொண்டிருந்த போயிங் 727 ஒன்றுக்கு, முன்னே ஒரு சிறிய செஸ்னா விமானம் செல்கிறது என்று தரையிலிருந்து அறிவித்திருந்தார்கள். விமானிகள் அதைக் கண்டார்கள், பின்பு காணாமற் போக்கினார்கள், தாண்டிவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள். அது அவர்களுக்குக் கீழேயே இருந்தது. தரையிலிருந்த ஏழு பேர் உட்பட 144 உயிர்கள் போயின. 1986இல் லொஸ் ஏஞ்சல்சுக்கு அண்மையிலுள்ள செரிற்றோஸ் என்னுமிடத்தில் மீண்டும் ஒரு பிரயாணிகள் விமானமும் ஒரு சிறு விமானமும் மோதிக் குடிமனைகளின் மேல் விழுந்தன. மறுவருடம் அமெரிக்கப் பாராளுமன்றம், பெரிய பிரயாணிகள் விமானங்கள் யாவற்றிலும் ரீகாஸ் பொருத்தப்பட வேண்டுமெனச் சட்டமியற்றியது.

நமக்கு அண்மையில் நடந்தது 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி. டில்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேல், ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானமும் இறங்கிக்கொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். நடுவானில் நேர்ந்த மோதல்களுள் இதைவிடக் கொடியது இல்லை. இரண்டில் ஒன்றிலேனும் ரீகாஸ் இருக்கவில்லை.

திரையொன்றை விமானியின் முன்னே வைக்கும் எண்ணம் புதியதன்று என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1940களிலேயே அமெரிக்காவின் ஆர்சீஏ நிறுவனம், தரையிலுள்ள றேடார்ப் படத்தைத் தொலைக்காட்சி மூலம் விமானி அறைக்கு அனுப்பும் திட்டமொன்றை வகுத்தது. அது நிலைபெறவில்லை. இன்றோ செய்மதிகளின் உதவியால் தன் இருப்பிடத்தைத் தானே அறிந்து சுற்றிலும் ஒலிபரப்பும் கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் நெருக்கடியான ஆகாயப் பகுதிகளிலே 2020ஆம் ஆண்டு தொடக்கம் அவை கட்டாயம். சிறு விமானம் ஓட்டுபவரும் சிலேட்டளவான ஒரு திரையில் அயலிலுள்ளோரைப் பார்க்கலாம். திசை அங்கே முன்னையிலும் திருத்தமாகத் தெரியும். ஆனால் கருவி பொருத்தாதவன் திரையில் தோன்றமாட்டான் என்பதை மறந்து, வெளியே பார்ப்பதை விட்டுத் திரையையே பார்த்திருக்கும் சோம்பலும் உடன் வரும் என்று விமானி சொன்னார். இக்காலத்துப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் சொல்லும் குறையும் ஏறக்குறைய இதுவே!

இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த மகன் இப்பொழுது கேட்டான்: “சரி அண்ணா. இரண்டு விமானத்திலும் அந்தக் கருவி இருந்து, இரண்டும் ‘ஏறு’ என்று சொன்னால்?”

நேற்று ஒழுங்கையில் நடந்ததை அவன் விடவில்லை என்பது எமக்கு விளங்கிற்று. விமானிக்கும் விளங்கிற்று போலும். அவர் சிறிது நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

அப்படி நடவாது என்றார். கட்டளையிடுவதற்கு முன் இரண்டு கருவிகளும் தமக்குள்ளே பேசிக்கொள்ளும். ஒன்று ஏறுவதாகச் சொன்னால் மற்றது இறங்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் ஒரே பக்கத்தைத் தெரிந்தெடுத்துவிட்டாலோ அதற்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் இலக்கம் வழங்கப்பட்டிருக்கிறது. எதனுடைய இலக்கம் சிறியதோ அது தன் முடிவை வைத்துக்கொள்ளும். பெரிய இலக்கத்தையுடையது மாற்றிக்கொள்ளும். விட்டுக்கொடுப்பவர் யார் என்ற வழக்கு அங்கே முன்கூட்டியே தீர்ந்துவிட்டது. எமது ஒழுங்கையில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் எத்தனையோ வேலிச் சண்டைகள் தீர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டோம்.

“ஆனால் நடந்திருக்கு,” என்றார் விமானி. “இரண்டு கருவியும் சரியாகச் சொல்லி, இரண்டு விமானமும் இறங்கினது நடந்திருக்கு.”

2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் திகதி இரவு, ஜேர்மனியின் தென் எல்லையில், ஊபர்லிங்கன் என்னும் ஏரிக்கரை நகரத்தின் மேல் அது நிகழ்ந்தது. மொஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்கு ஒரு ரஷ்ய டூப்பலேவ் விமானம் போய்க்கொண்டிருந்தது. அதிலே ஊஃபா என்னும் நகரத்திலிருந்து விடுமுறைச் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். இத்தாலியின் பேர்கமோவிலிருந்து பிரசல்சுக்கு ஒரு போயிங் 757 சரக்கு விமானம் போய்க்கொண்டிருந்தது. அதில் விமானிகள் இருவர் மட்டுமே. இரண்டும் 36,000 அடி உயரத்தில், ஒன்றின் பாதையை மற்றொன்று குறுக்கே வெட்டும்படி பறந்தன.

அந்தப் பகுதியின் ஆகாயத்தைச் சூரிச் நகரத்திலிருந்து கண்காணித்தவர் அவ்வேளை ஒருவர்தாம். கூட இருந்தவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். இரண்டு மேசைகளின் வேலை ஒருவர் கையில். றேடார் முறையில் திருத்த வேலை நடந்தமையால் வழக்கமான எச்சரிக்கை வசதிகள் குறைந்திருந்தன. தொலைபேசித் தொடர்பும் பழுது. அயலிலுள்ள ஜேர்மனிய நிலையமொன்று ஆபத்தைக் கண்டு அவரைக் கூப்பிட முயன்றும் தொடர்பு கிட்டவில்லை.

டூப்பலேவ் விமானிகளின் திரையிலே அந்தச் சரக்கு விமானம் மோதலுக்கு இரண்டு நிமிடங்களுக்கு முன்பே தெரிந்தது. அதைப் பார்த்து, இடப்பக்கமாக ஒன்று வருகிறதே என்று தமக்குள் பேசிக்கொண்டும் இருந்தார்கள். மோதலுக்கு 50 விநாடி முன்னர் இரு விமானங்களிலும் எச்சரிக்கை ஒலித்தது. 43 விநாடி இருக்கும்போது சூரிச்சிலிருந்தவர் ஆபத்தை உணர்ந்து, இறங்கும்படி டூப்பலேவுக்குக் கட்டளையிட்டார். விமானி இறங்கத் தொடங்கினார். ஏழு விநாடி கழித்து டூப்பலேவின் ரீகாஸ், “ஏறு” என்றது. அதே விநாடியில் சரக்கு விமானத்தின் ரீகாஸ், “இறங்கு” என்றது. கருவிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை சரியே. அதை அறியாத தரையதிகாரி மீண்டும், விரைந்து இறங்கு என்றார். சரக்கு விமானம் கருவியின் சொற்படி இறங்கிற்று. டூப்பலேவிலே துணை விமானி, கருவி ஏறச் சொல்லுகிறதே என்று சொன்னார். தரையிலிருந்து இறங்கச் சொல்லுகிறார்கள் என்று மறுமொழி வந்தது. விமானம் தொடர்ந்து இறங்கிற்று.

இன்னுமொன்று. இரண்டாம் முறை கட்டளையிட்டபோது தரையதிகாரி, மற்றைய விமானம் உமது வலப்புறமாக வருகிறது என்று சொல்லிவிட்டார். அது வந்தது இடப்புறமாக. திரையிலே ஒரு விமானம் இடப்பக்கம். காதிலே ஒரு விமானம் வலப்பக்கம். தாம் காணாத மூன்றாவது விமானம் ஒன்றும் இருக்கிறதோ என்று அந்த விமானிகள் மயங்கியிருக்கலாம். 34,890 அடி உயரத்தில் இரண்டும் மோதின. இரண்டு விமானங்களிலும் இருந்த 71 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

நாம் கல்லூரி மாணவர்களை எத்தனையோ சுற்றுலாக்களுக்கு அழைத்துச் சென்றவர்கள். பஸ்ஸில் ஏறிய தலைகளை எண்ணுவதும் இறங்கிய தலைகளை எண்ணுவதும் எமக்குப் பழகிய தொழில். ஊபர்லிங்கனுக்கு அருகே, அறுந்த முத்துமாலையொன்றின் வடிவில், பெரிய உருண்டைகளை நிலத்தில் சிதறவிட்டு அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டபின் சிறிது நேரம் எமக்குப் பேச்சு வரவில்லை.

ஆயினும் ஆசிரியர் அல்லவா? கேள்வி கேளாதிருக்க முடியவில்லை. “அந்த விமானி ஏன் கருவியின் சொல்லைக் கேட்கவில்லை?” என்றோம்.

“ஏன் கேட்கவேணும், சேர்?” என்று திருப்பிக் கேட்டார் அவர். அக்காலத்து விதிகளும் கைந்நூல்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்தன. தரையதிகாரியின் சொல்லே பெரிதென்று படித்து வளர்ந்தவர் அந்த விமானி. முழு ஆகாயத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதன் சொல்லுகிறான். ஒரு பெட்டி வேறொன்று சொல்லுகிறது. அவரும் சோம்பியிருக்கவில்லை, சொன்னதைச் சொன்ன கணத்திலேயே செய்தார். 2001ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி ஜப்பானிலும் இப்படியே ஆகவிருந்தது. தரையிலிருந்தவர் இரண்டு விமானங்களின் இலக்கங்களை மாறிச் சொல்லிவிட்டார். ஏறும்படி கருவி சொல்ல, தரையின் கட்டளைப்படி ஒன்று இறங்கியது; மற்றையதோ கருவியின் சொற்படி இறங்கியது. கடைசிக் கணத்தில் விமானி கண்ணால் கண்டு விமானத்தைக் கீழ்நோக்கிச் சரித்தமையால் உயிர்கள் தப்பின. நூறு பேரளவில் காயமுற்றனர். அதன்பின் பதினேழு மாதங்கள் கழிந்தே ஊபர்லிங்கன். 2003ஆம் ஆண்டில்தான், தரைக்கும் கருவிக்கும் முரண் ஏற்பட்டால் கருவியின் சொல்லே செல்லும் என்று சர்வதேச விதி ஐயத்துக்கிடமின்றித் திருத்தப்பட்டது. இன்று ரீகாஸ் கட்டளையிட்டதாக விமானி அறிவித்ததும், தரையதிகாரி அவ்விமானத்தைத் திருப்ப முயலக் கூடாது.

தமக்கும் ஒரு முறை அது நேர்ந்ததாக விமானி சொன்னார். இரவு, மேகத்துக்குள்ளே பறந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் வட்டம் தோன்றியது. கண்ணாடியூடாகப் பார்த்தால் சாம்பல் நிறந்தவிர வேறொன்றுமில்லை. சிவப்புச் சதுரமாயிற்று. ஏறும்படி குரல் வந்தது. தானியங்கியை நிறுத்தி, மானியிலே பச்சை காட்டிய அளவுக்கு விமானத்தை ஏற்றினார்கள். பிரதம விமானியும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அரை நிமிடத்துக்குள், ஆபத்து நீங்கியது என்று அதே குரல் சொல்லிற்று. மற்ற விமானத்தை அவர்கள் காணவேயில்லை. பின்னால் பிரயாணிகள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள்.

“பயமாக இருந்ததோ அண்ணா?” என்றான் மகன்.

“அப்போது இல்லை. ஹோட்டலுக்குப் போனபிறகு.”

மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். விமானி கோப்பையை எடுத்துக்கொண்டு, “ரீச்சர், பிழை முழுக்க என்னுடையதுதான். நான் பிழையான பக்கத்தில் வந்தேன்,” என்று மீண்டும் தொடங்கினார். மகன் தன் கட்டிலிருந்த சிவப்புச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாம் சொன்னோம்: “இல்லை. இவன் இடப்பக்கம் போகச் சொன்னவன். அவர் திரும்புகிறார் என்றும் சொன்னவன். நாம் கேட்கவில்லை.”

மனைவி எம்மைப் பார்த்தார். பின்பு மகனைப் பார்த்தார். “நீ ஏன் ராசா நேற்றே சொல்லேல்லை?” என்று கேட்டார்.

“அப்பா சொல்லுவார் என்று இருந்தனான்,” என்றான் அவன்.

நாலு கிழமை கழித்து ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டினார்கள். வெட்டிய கோடு மஞ்சள் வட்டத்தின் நடுவே சென்றுவிட்டது. சிவப்புச் சதுரம் தப்பிற்று. அந்தத் துண்டைத் தரும்படி மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். இப்பொழுது அது அவனுடைய மேசையில் இருக்கிறது. விமானி திருவிழா முடிந்து திரும்பிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வைரவர் கோயில் முடக்கு வந்தது. முதியவர் படலையடியில் நின்றார். எம்மைக் கண்டதும் கையை உயர்த்தினார். அது சுகம் விசாரிக்கவோ, வழி சொல்லவோ என்று தெரியவில்லை. நாம் மணியை அடித்தோம், இறங்கினோம். மகனும் இறங்கி, முடக்கின் மூலைவரை நடந்துபோய் எட்டிப் பார்த்தான்.

“வாங்கோ அப்பா,” என்றான்.